மாவு மில்லுக்கு ஒரு கடை

உடுமலையில் கடைகளை வாடகைக்குப் பேசி முடித்துக் கொடுக்கிற வசந்தாமணிக்கு ஒரு சீடர் இருந்தார். சீடருக்குக் குருவைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். அதனால் குரு சீடரை அண்ணா என்று கூப்பிடுவார். சீடர் குருவை அம்மிணி என்பார். இருவருக்கும் அதில் ஒரு சிரமமும் இல்லை. பார்க்கிறவர்கள்தான் குழம்பினார்கள்.

சீடர் பெயர் திருமூர்த்தி. பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் ஆயுசுக்கும் பட்டுச் சேலை விரித்துக் காட்டியவர். இனி மடங்க மாட்டேன் என்று முழங்கால் சொல்லிவிட்ட பிறகு, மெத்தையில் உட்கார்ந்து விற்கிற அந்த வேலை அவரை விட்டுப் போனது. பேசத் தெரியும், எதிரில் இருப்பவர் முகத்தைப் படிக்கத் தெரியும். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வசந்தாமணியின் மாடி ஆபீசுக்கு ஒரு நாள் மெல்ல ஏறி வந்தார். அந்த முழங்காலோடு அந்தப் படியை ஏறி வந்ததையே வசந்தாமணி தகுதியாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச காலம் கூடவே நடந்தார். பிறகு ஒரு கடையை அவரே தனியாகப் பேசி முடிக்கட்டும் என்று வசந்தாமணி விட்டுவிட்டார்.

சந்தைக்குப் பின்னால் காளியப்பன் என்பவருக்கு ஒரு கட்டடம். மேலே வீடு, கீழே கடை. கடையை வாடகைக்கு விட்டுத் தரச் சொல்லி வசந்தாமணியிடம் வந்தவர் அவர்தான். ஆகவே இவர்கள் பேசுவது அவருக்காக. கூலியும் அவரிடம்தான்.

கடை கேட்டு வந்தவர் மரகதம். ஊர் எல்லையில் ஒரு தகரக் கொட்டகையில் மாவு மில் வைத்திருந்தார். ரோடு அகலமாவதில் கொட்டகை போகிறது. இருக்கிற நகையையெல்லாம் அடகு வைத்துப் புது மிஷின் ஒன்றுக்குச் சொல்லியிருந்தார். இந்தக் கடை அமைந்தால் பிழைப்பு. அமையாவிட்டால் மிஷினை எங்கே இறக்குவது என்று தெரியாது.

முகூர்த்த நாளாகப் பார்த்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு கையெழுத்துப் போட மரகதம் மாடிக்கு வந்தார்.

திருமூர்த்திக்கு அன்று பழைய தெம்பு வந்துவிட்டது. டீ வரவழைத்தார். மின்விசிறியை மரகதம் பக்கம் திருப்பினார். ஒப்பந்தத்தை எடுத்து, சேலையை மடிப்பு மடிப்பாகப் பிரிக்கிற மாதிரியே பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்தார். வாடகை, அட்வான்ஸ், கரண்ட் பில். எல்லாவற்றுக்கும் மரகதம் தலையாட்டினார்.

ஓரிடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் வேகம் எடுத்தது.

"ஓனர் எப்பக் கேட்டாலும் ஒரு மாச நோட்டீஸ்ல காலி பண்ணிக் குடுக்கோணும். இதெல்லாம் வழக்கமா எல்லாத்துலயும் எழுதறதுதானுங்க."

"அப்படிங்களா? சரிங்க," என்றார் மரகதம்.

பேனாவை நீட்டினார் திருமூர்த்தி. மரகதம் வாங்கிக்கொண்டு, சாமியை நினைத்துக் கண்ணை மூடினார்.

அதுவரை மூலையில் உட்கார்ந்து மூச்சுக் காட்டாமல் இருந்த வசந்தாமணி எழுந்து வந்தார்.

"மரகதக்கா, மிஷினை எப்படி உக்கார வைப்பீங்க?"

மரகதம் கண்ணைத் திறந்தார். "பின்சுவத்து ஓரமாங்க. குழி வெட்டி, காங்கிரீட் போட்டு, அதுல போல்ட்டு எறக்கி உக்கார வெக்கோணும். இல்லீன்னா ஆடுமுங்க."

"கூட யாராவது வந்திருக்காங்களா?"

"இல்லீங்க. வெள்ளிக்கெழமை, மில்லுல கூட்டம். வீட்டுக்காரரு அங்க நிக்கறாரு."

"அப்ப இன்னைக்குக் கையெழுத்து வேண்டாங்க."

திருமூர்த்தி நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

"இந்த ஒப்பந்தத்த எழுதினது நாங்க," என்றார் வசந்தாமணி. "நாங்க ஓனர் பக்கம். உங்க பக்கம் இருந்து ஒருத்தர் படிச்சுப் பார்க்கோணுமில்லீங்களா? எடுத்துட்டுப் போங்க. அப்புறம் இன்னொண்ணு. ஒரு மாச நோட்டீஸ் வழக்கமா எழுதறதுன்னு நாங்க சொன்னது சரியில்லீங்க. கடைக்குக் கடை மாறும். அதப் பேசித்தான் முடிவு பண்ணுவாங்க."

நாங்க சொன்னது என்றார். அண்ணன் சொன்னது என்று சொல்லவில்லை. அத்தனை கலக்கத்திலும் அது திருமூர்த்தியின் காதில் விழுந்தது.

மரகதம் பேனாவைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "நல்ல நாளுங்களே," என்றார் அரை மனசாக.

"இன்னும் நல்ல நாளு வருமுங்க."

பழத்தட்டை அங்கேயே வைத்துவிட்டு, ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.

மரகதம் வைத்துவிட்டுப் போன பேனாவைத் திருமூர்த்தி மூடி வைத்தார். பிறகு ஒரேயடியாகப் பேசினார்.

"அம்மிணி, உக்காந்த கஸ்டமரை எந்திரிக்க விடக் கூடாது. எனக்கு எங்க மொதலாளி சொல்லிக் குடுத்த மொதப் பாடம் அதுதான். எந்திரிச்சு வாசப்படி தாண்டிட்டா ஏவாரம் போச்சு. அந்தம்மா இனி வருமுன்னு நெனைக்கறீங்களா?"

"தெரியலீங்ணா."

"வரலீன்னா?"

"வரலீன்னா வரலீங்ணா."

"என்ற வீட்ல வேற இன்னைக்கு முடியுதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. முதல் கடை. பாவம், மனுஷருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்!

வசந்தாமணி ஒரு வாழைப்பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தார். "உங்க கடையில, வாங்கிட்டுப் போன சேலை பிடிக்கலீன்னா என்னங்ணா பண்ணுவீங்க?"

"மடிப்புக் கலையாமக் கொண்டு வந்தா மாத்திக் குடுப்போம்."

"மொகம் சுளிக்க மாட்டீங்க?"

"அதெப்படி? நல்ல கடையின்னா மாத்திக் குடுத்துத்தான் ஆகோணும்."

"பழத்தைச் சாப்பிடுங்க. ஒரு எடத்துக்குப் போயிட்டு வரலாம்."

திருமூர்த்தியின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, வசந்தாமணி அவரை இரண்டு தெரு தள்ளி ஒரு செல்போன் கடைக்குக் கூட்டிப் போனார். தனக்கு ஒரு சார்ஜர் வயர் கேட்டார். கடைக்காரர் தேடிக்கொண்டிருந்தபோது திருமூர்த்தி சுற்றிலும் பார்த்தார். கண்ணாடி அலமாரி, கலர் விளக்கு, வழுவழுவென்று டைல்ஸ். பின்சுவரோரம் மட்டும் தரை முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. அதன் மேல் ஒரு மெத்தையைப் போட்டு, மெத்தை மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

"இதென்னங்க மேடு?" என்று கேட்டார் திருமூர்த்தி.

"அதுங்களா? முன்னால இங்க ஒருத்தரு மரச்செக்கு போட்டிருந்தாராம். காங்கிரீட் திண்டு. மேல நாலு போல்ட்டு துருத்திட்டு நின்னுச்சு, அதை மட்டும் அறுத்துட்டேன். திண்டை உடைக்க ஏகப்பட்ட செலவாகுமுன்னு மேஸ்திரி சொல்லிட்டாருங்க."

"செக்குக்காரரு?"

"ஓனர் திடீர்னு காலி பண்ணச் சொல்லிட்டாராம், மிஷினைக் கழட்டிட்டுப் போயிட்டாரு. இதை எங்கீங்க தூக்கிட்டுப் போறது? வந்து அஞ்சாறு மாசம்கூட ஆகலையாம்."

திருமூர்த்தி குனிந்து மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். அறுத்த போல்ட்டின் தலை வட்டமாகத் தெரிந்தது. விரலால் தடவினார். மெத்தையை மறுபடி இழுத்து மூடி, ஜவுளிக் கடைப் பழக்கத்தில் சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார்.

இருவரும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள்.

ஆபீசில் காளியப்பன் காத்துக்கொண்டிருந்தார். கோபமாகத்தான்.

"கையெழுத்துப் போட வந்தவங்களத் திருப்பி அனுப்பிச்சீங்களாமா? அம்மிணி, நீங்க யாரு பக்கம்?"

"உங்க பக்கமுங்க," என்றார் வசந்தாமணி.

"எம் பக்கம் நின்னுட்டு அந்தம்மாவுக்கு எதுக்குங்க ரோசனை சொல்றீங்க?"

"ரோசனை சொல்லலீங்க. ரோசனை சொல்ல ஒரு ஆளைத் தேடிக்கச் சொன்னோம்."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

வசந்தாமணி மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தார். "உங்களைக் கேக்காம விட்டது எங்க தப்புங்க. இப்பக் கேக்கறேன். அந்த ஒரு மாசம் எதுக்குங்க?"

"எதுக்குன்னா? கேட்டாக் காலி பண்ணோணும். அவ்வளவுதான்."

"கேக்கற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

காளியப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தார். கோபக்காரர்கள் இப்படித் திரும்பிக்கொண்டால் விஷயம் வேறு என்று திருமூர்த்திக்குத் தெரியும். கல்யாணச் சேலை எடுக்க வந்த இடத்தில் எத்தனை அப்பாக்கள் இப்படித் திரும்பிக்கொண்டதைப் பார்த்திருக்கிறார்! அவர் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"என்ற புள்ள," என்றார் காளியப்பன். "கட்டிக் குடுத்த எடம் சரியில்லாமத் திரும்பி வந்துருச்சு. நல்லாத் தைக்கும். கீழ் கடையில தையக்கடை போட்டுக் குடுன்னு கேட்டுச்சு. அப்ப அதுல ஒருத்தன் இருந்தான். கெஞ்சிப் பார்த்தேன், எந்திரிக்கல. கேஸ் போட்டு, அலைஞ்சு, அவன் போறதுக்குள்ள இந்தப் புள்ள பொறுக்க மாட்டாமத் திருப்பூருக்குப் போயிருச்சு. பனியன் கம்பெனியில ஆயிரம் பேரோட ஒருத்தியா உக்காந்து தைக்குது. நம்ம கடை நமக்கு ஆகல, பாருங்க."

இந்தக் கதையைக் கேட்காமலேயே அந்த மனுஷர் சொன்ன ஒரு மாதத்தை எழுதி, டைப் அடித்து, படித்தும் காட்டியிருக்கிறோமே என்று திருமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது.

"இப்ப வர்றேன்னு சொல்லுதுங்களா?" என்று அவரே கேட்டார்.

"இப்ப இல்ல. என்னைக்காச்சும் வரோணும்னு நாங் கும்பிட்டுட்டு இருக்கறேன்."

திருமூர்த்தி தொண்டையைச் செருமினார். "ஏனுங்க, இந்த விஷயத்தை மரகதம் அம்மாகிட்டச் சொல்லலாங்களா? நீங்க சொன்னாத்தான் சொல்லுவோம். வேண்டாம்னா எங்களோட இருக்கட்டும்."

வசந்தாமணி நிமிர்ந்து தன் சீடரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததை நான் எழுதிக் கெடுக்க மாட்டேன்.

காளியப்பன் தண்ணீரைக் குடித்து முடித்தார். "சொல்லுங்க. ஊருக்கே தெரிஞ்ச கதைதான்," என்று எழுந்து போனார்.

அதன் பிறகு மரகதம் வரவே இல்லை.

நாள்கள் போயின. திருமூர்த்தி படியில் ஏதாவது சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பார். கீழே இருந்த மருந்துக் கடைக்காரர் மாடிக்குப் பெட்டி ஏற்றுகிற சத்தமாக இருக்கும். ஒரு நாள் மனசு கேட்காமல் ஊர் எல்லை வரைக்கும் நடந்தார். கொட்டகைக்கு எதிர்ப்பக்கம், ரோட்டைத் தாண்டாமல் நின்றார். உள்ளே மரகதம், புருவமெல்லாம் மாவாக, யாருக்கோ ராகி அரைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார். கொட்டகையின் ஒரு பக்கத் தகரத்தை அதற்குள் கழற்றியிருந்தார்கள்.

போய் நாலு வார்த்தை பேசினால் முடிந்துவிடும். அந்த நாலு வார்த்தை என்னவென்றுகூட அவருக்குத் தெரியும். அந்த வார்த்தைகளை வைத்துத்தான் அவர் ஒரு ஆயுசு சோறு சாப்பிட்டார்.

மரகதமே அவரைப் பார்த்துவிட்டார். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "என்ற கொழுந்தனாரு படிச்சுட்டு இருக்கறாருங்க! வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா! இன்னும் முடிக்கல!"

"மெதுவாப் படிக்கட்டுமுங்க!" என்று திருமூர்த்தியும் கத்தினார்.

கத்திவிட்டு, இதை நானா சொன்னேன் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசி வரை ரோட்டைத் தாண்டாமல் திரும்பி வந்தார்.

மறுநாள் மரகதம் வந்தார். கூடவே கொழுந்தனார் சம்பத், கண்ணாடியும் சிவப்புப் பேனாவுமாக. ஒரு மாசம் என்ற இடத்தைச் சுற்றி அவர் போட்டிருந்த வட்டம் பின்பக்கம் வரைக்கும் பதிந்திருந்தது.

"இது இருந்தா எங்கண்ணி கையெழுத்துப் போடாதுங்க," என்றார் சம்பத். "காங்கிரீட் காயறதுக்குள்ள காலி பண்ணச் சொன்னா நாங்க எங்க போறது? அஞ்சு வருசத்துக்கு அசைக்கக் கூடாது. முடியுமா, முடியாதா?"

காளியப்பனையும் வரவழைத்திருந்தார் வசந்தாமணி. அவர் கையைக் கட்டிக்கொண்டு, "முடியாது," என்றார்.

திருமூர்த்தி காளியப்பனைப் பார்த்தார். காளியப்பன் சொல்லுங்க என்பது போலத் தலையை அசைத்தார். திருமூர்த்தி மரகதத்திடம் திரும்பி, அந்தத் திருப்பூர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னார்.

சொல்லி முடித்தபோது சம்பத்தின் சிவப்புப் பேனா மூடியிருந்தது.

"பேரு என்னங்க, புள்ளைக்கு?" என்று கேட்டார் மரகதம்.

"பூவிழி," என்றார் காளியப்பன்.

"நீங்க இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க."

"யாருங்க கேட்டாங்க?"

மரகதம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தரகர்கள் இருவரையும் தாண்டி நேராகக் காளியப்பனைப் பார்த்துப் பேசினார்.

"அஞ்சு வருசம் என்னை அசைக்காதீங்க. அதுக்குள்ள மிஷின் கடனை அடைச்சுருவேன். அதுக்கப்புறம் உங்க புள்ள கடை வேணும்னு சொன்னா, ஆறு மாசம் முன்னாடி எனக்குச் சொல்லுங்க. வேற எடம் பார்த்துக்கறேன். திண்டை நானே ஒடைச்சு, தரையைச் சமமாப் பூசிக் குடுத்துட்டுப் போறேன். கோர்ட்டு கேஸுன்னு உங்களை அலைய விட மாட்டேன். புள்ளைக்காக மட்டுந்தானுங்க. வாடகை கூடக் குடுக்கறான்னு வேற ஒருத்தனுக்காகக் கேக்கக் கூடாது."

"அண்ணி, கொஞ்சம் ரோசிச்சு..." என்று ஆரம்பித்தார் சம்பத்.

"ரோசிச்சுட்டேன்."

காளியப்பன் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "அதுக்குள்ளயே வந்துருச்சுன்னா? நாளைக்கே வந்து நிக்குதுன்னா?"

"வரட்டுமுங்க. கடை நீளமாத்தான இருக்குது. முன்னாடி ரெண்டு மிஷின் போட்டுத் தைக்கட்டும், பின்னாடி நான் அரைக்கறேன். மாவு பறக்காம நடுவுல தடுப்பு வெச்சுக்கலாம். அத எழுதறதானாலும் எழுதிக்கங்க."

காளியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகம் முழுவதையும் துடைக்கிற மாதிரிதான் துடைத்தார், ஆனால் கண்ணைத்தான் துடைத்தார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எழுதச் சொன்னார்.

திருமூர்த்தி எழுதினார். இந்த முறை ஒவ்வொரு வரியையும் இரு பக்கத்துக்கும் ஒரே வேகத்தில் படித்துக் காட்டினார். சம்பத் இரண்டு இடத்தில் திருத்தினார். காளியப்பன் ஓரிடத்தில் மறித்தார். டீ ஆறிப்போய் மறுபடி வரவழைக்க வேண்டியிருந்தது.

நல்ல நாளுக்குக் காத்திராமல் ஒரு சாதாரணப் புதன்கிழமை, பத்திர எழுத்தர் கடையில் கையெழுத்தானது. மை காய்வதற்குள் காளியப்பனும் மரகதமும் சண்டையை ஆரம்பித்திருந்தார்கள்.

"மொளகா அரைக்கறதுதான் எனக்குப் பயம்," என்றார் காளியப்பன். "மேல என்ற சம்சாரத்துக்கு இளைப்பு. நெடி ஏறுனா விடியவிடிய இருமுவா."

"மொளகா அரைக்காம என்னங்க மில்லு? அவங்க கோயிலுக்குப் போவாங்களா?"

"வெள்ளிக்கெழமை சாயங்காலம்."

"போய் வர எவ்வளவு நேரம்?"

"அவளுக்கென்ன, போனா அங்கயே உக்காந்து கதை பேசிட்டுத்தான் வருவா."

"அப்ப அந்த நேரத்துல அரைச்சுக்கறேன். ஜன்னலை மட்டும் நீங்க சாத்தி வெச்சுருங்க. ஏனுங்க, இளைப்புக்கு என்ன மருந்து குடுக்கறீங்க? என்ற மாமியாளுக்கும் அதேதான்..."

பேசிக்கொண்டே இருவரும் எழுத்தர் கடைப் படியிறங்கினார்கள். சம்பத் பின்னால் ஓடினார். ரோட்டில் ஒரு வண்டி வந்தபோது காளியப்பன் கையை நீட்டி மரகதத்தை நிறுத்தினார். வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்துகொண்டு, சந்தைப் பக்கமாக, கடை இருந்த திசையில் நடந்தார்கள்.

திருமூர்த்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஜவுளிக் கடையில் என்றால், பில் போட்டு முடித்துக் கிளம்புகிறவர்கள் வாசலில் திரும்பி ஒருமுறை சிரிப்பார்கள். முகம் தெரிந்துவிட்டால் பெயர் கேட்டுக்கொண்டு போவார்கள். அடுத்த கல்யாணத்துக்கு அவரையே தேடி வருவார்கள்.

"ஏனம்மிணி," என்றார் கொஞ்சம் மனத்தாங்கலாக. "இத்தனை நாளு நாயா அலைஞ்சோம். ரெண்டு பேரும் நம்மளைத் திரும்பிக்கூடப் பார்க்காமப் போறாங்க பாருங்க."

வசந்தாமணியும் வந்து பக்கத்தில் நின்றார். தெருக் கோடியில் அவர்கள் திரும்பி மறைகிற வரை பார்த்தார்.

"அவங்களுக்கு இனி நாம வேண்டியதில்லீங்ணா," என்றார். "அதுக்குத்தான நம்மளைக் கூப்பிட்டாங்க."